ஆப்பிரிக்கான்சு மொழியும் அதனைக் கற்பிக்கும் கருவிகளும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

மொழி வரலாற்றை ஆராய்வோர் இலக்கியங்களையும் கல்வெட்டுகளையும் இலக்கண நூல்களையும் சான்றாகக் கொள்வர். ஒரு மொழியைப் பிறர்க்குக் கற்பித்தற்கென எழுந்த சிறு நூல்களையும் சொற்பட்டியல்களையும் பாடப் புத்தகங்களையும் அவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயின், ஒரு மொழியை எவர், எவர்க்கு, எவ்வெழுத்தில், என்ன நோக்கத்தோடு கற்பித்தனர் என்பதை அறிவிக்கும் சான்றுகள் இவையே. மொழியின் பல வழக்குகளுள் எது உயர்ந்ததெனக் கொள்ளப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பதும் இவற்றாலேயே விளங்கும்.

தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ஆப்பிரிக்கான்சு மொழி இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. அது மிகவும் இளைய மொழி. அது பேச்சு வழக்கினின்று எழுத்து வழக்காக உயர்ந்த காலம் நன்கு தெரிந்த காலம். அடிமைகளும் அவர்தம் ஆண்டைகளும் ஒருங்கே பேசிய மொழி அது. ஒரு காலத்தில் அடக்குமுறையின் கருவியாகவும் ஆக்கப்பட்டது. இன்று அதனைக் கற்க விரும்பும் ஒருவர் இணையத்தின் வாயிலாகக் காசின்றியே இலக்கணமும் அகராதியும் நூலும் ஒலிபரப்பும் பெறலாம். இக்கருவிகளைப் பயன்கொள்ளும் தமிழாராய்ச்சி மாணவர், அவற்றின் பின்னுள்ள வரலாற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனால் பெறப்படும் சில முடிபுகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மொழியின் தோற்றம்

கி. பி. 1652 ஏப்பிரல் திங்களில் யான் வான் ரீபெக் என்பார் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் நன்னம்பிக்கை முனையை அடுத்த டேபிள் குடாவில் வந்திறங்கினார். கீழ்நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களுக்கு நன்னீரும் காய்கறியும் இறைச்சியும் அளிக்கும் தங்குமிடம் ஒன்றை அமைப்பதே கம்பெனியின் கருத்தாக இருந்தது. அந்நிலத்தில் முன்னரே கோய்கோய் மக்கள் ஆநிரை மேய்த்து வாழ்ந்தனர். டச்சுக்காரரோடு பண்டமாற்றுச் செய்தற்பொருட்டு அவர்கள் டச்சு மொழியைத் தம் நாவிற்கு இசைந்தவாறு பேசத் தொடங்கினர்.

1658 முதல் அடிமைகள் கப்பல் கப்பலாகக் கொணரப்பட்டனர். 1652-க்கும் 1808-க்கும் இடையே முனைக்குக் கொணரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்றும், அவருள் காற்பங்கினர் இந்தியப் பகுதிகளைச் சார்ந்தவர் என்றும் இராபர்ட்டு செல் என்னும் வரலாற்றறிஞர் கணக்கிட்டுள்ளார். ஏனையோர் ஆப்பிரிக்கப் பெருநிலம், மடகாசுகர், இந்தோனேசியத் தீவுகள் ஆகியவற்றினின்று வந்தோர். அக்கால ஆவணங்களில் அடிமைகளின் பெயர்களை அடுத்து வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என அவர்தம் நாட்டுப் பெயர் குறிக்கப்பட்டுள்ளது. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அக்காலத்தே டச்சுக் கம்பெனியின் துறைமுகங்களாக இருந்தமை நாம் அறிந்ததே. ஆதலின் சோழமண்டலத்தார் எனக் குறிக்கப்பட்டோருள் தமிழ் பேசியோரும் இருந்திருத்தல் வேண்டும்.

இவ்வாறு டச்சுக்காரர், செருமானியர், 1688-இல் வந்து சேர்ந்த பிரெஞ்சுச் சமயப் புகலிடத்தார், கோய்கோய் மக்கள், அடிமைகள் ஆகிய பலரும் ஓரிடத்தே கலந்து வாழ்ந்தனர். மலாய் மொழியும், கீழ்நாட்டுத் துறைமுகங்களில் வழங்கிய போர்த்துகீசியக் கலப்புமொழியும் அடிமைகளிடையே பொதுமொழிகளாக விளங்கின. இச்சூழலில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் டச்சு மொழியினின்று பெரிதும் வேறுபட்டதொரு பேச்சு வழக்கு உருவாயிற்று. பெயர்ச்சொற்கள் பால் வேறுபாட்டை இழந்தன. வினைச்சொற்கள் இடத்திற்கும் எண்ணிற்கும் ஏற்ப ஈறு மாறுதலை விட்டன.

இம்மாற்றத்திற்குக் காரணம் யாது என்பதில் அறிஞர் ஒருமித்த கருத்தினர் அல்லர். நெதர்லாந்து அறிஞர் எசெலிங் 1899-இல் வெளியிட்ட நூலில் மலாய்–போர்த்துகீசியக் கலப்புமொழியின் செல்வாக்கே காரணம் என்றார். தென்னாப்பிரிக்க வெள்ளை அறிஞர் பலர் அதனை மறுத்து, டச்சு மொழி தன்னியல்பிலேயே எளிமையுற்றது என்று வாதிட்டனர். 1966-இல் வால்கோஃப் என்பார் கலப்புமொழிக் கொள்கையை மீண்டும் வலியுறுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. நிறவெறி ஆட்சி நிலவிய அந்நாளில், வெள்ளையரின் தாய்மொழியை உருவாக்கியதில் அடிமைகளுக்கும் கோய்கோய் மக்களுக்கும் பங்குண்டு என்பது வெறும் மொழியியற் செய்தியாக இருக்க இயலாதன்றோ? மொழியின் பிறப்பை ஆராய்வது நாட்டின் உரிமையை ஆராய்வதாக முடிந்தது.

3. அரபு எழுத்தில் எழுந்த முதற் பாடங்கள்

ஆப்பிரிக்கான்சு மொழியைக் கற்பிக்கும் கருவியாக முறையாகப் பயன்படுத்தியோர் வெள்ளையர் என்பதே நெடுங்காலம் வழங்கிய கருத்து. உண்மை அதற்கு மாறானது. கேப்டவுன் நகரத்து முசுலீம்கள், அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டோராகவும் கீழ்நாடுகளினின்று வந்தோரின் வழியினர். துவான் குரு என வழங்கப்பெற்ற சமயத் தலைவர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரில் சமயப் பள்ளியொன்றை நிறுவினார். அத்தகைய பள்ளிகளில் பாடமொழி முதலில் மலாய். பின்னர்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணவர் வீட்டில் பேசிய ஆப்பிரிக்கான்சு அதன் இடத்தைப் பெற்றது. மாணவர் முன்னரே கற்றிருந்த எழுத்து அரபு எழுத்து. ஆகவே அரபு எழுத்திலேயே ஆப்பிரிக்கான்சு எழுதப்பட்டது.

இவ்வகை நூல்களுள் பெரிதும் அறியப்பட்டது அபூபக்கர் எஃபெந்தி இயற்றிய பயானுத்தீன் என்பதாகும். உதுமானியப் பேரரசினின்று அனுப்பப்பெற்ற இவ்வறிஞர் 1863-இல் கேப்டவுன் வந்து சேர்ந்தார். தம் மாணவர்பொருட்டு உள்ளூர் மொழியைக் கற்று, சமய ஒழுக்கங்களை விளக்கும் இந்நூலை 1869-இல் எழுதி முடித்தார். அது 1877-இல் இசுதான்புல் நகரில் அச்சாயிற்று. அரபு நெடுங்கணக்கில் இல்லாத ஒலிகளுக்குப் புதிய குறிகள் அமைக்கப்பட்டன, உயிர்க்குறிகளும் இடப்பட்டன. உரோமன் எழுத்தில் எழுதியோர் டச்சு எழுத்து மரபிற்கு அடங்கி எழுதினமையின் உண்மையான ஒலிப்பு அவர்தம் எழுத்துகளில் மறைந்தது. அரபு எழுத்தில் எழுதியோர்க்கு அம்மரபின் தடை இல்லை. காதிற் கேட்டவாறே எழுதினர். ஆதலின், அக்காலக் கேப்டவுன் மக்களின் ஒலிப்பை அறிதற்கு இந்நூல்கள் சிறந்த சான்றாகின்றன. இவற்றைத் தொகுத்து ஆராய்ந்த அக்மத் தேவிட்சு என்பாரின் ஆய்வுநூல் அவர் மறைவிற்குப் பின் 2011-இல் வெளிவந்தது.

4. பேச்சு வழக்கு எழுத்து வழக்கானமை

வெள்ளையரிடையே இம்மொழி அடுக்களை மொழி என்று இழித்துரைக்கப்பட்டது. கோயிலிலும் பள்ளியிலும் டச்சும், 1806-இல் ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்தபின் அரசாங்கத்தில் ஆங்கிலமும் வழங்கின. 1870-களில் ஆசிரியர் அர்னோல்டசு பன்னெவிசு, டச்சு மொழியை உணர மாட்டாத எளிய மக்களுக்கு, சிறப்பாகக் கலப்பினத்தார்க்கு, விவிலியத்தை அவர் பேசும் மொழியிலேயே தரவேண்டும் என வற்புறுத்தினார். அம்முயற்சி உடனே கைகூடவில்லை. ஆயின் அதன் தொடர்ச்சியாக 1875 ஆகத்து 14-ஆம் நாள் பார்ல் நகரில் உண்மை ஆப்பிரிக்கானர் கழகம் தோன்றிற்று. எசு. யே. தூ துவா என்னும் சமய குரு அதன் தலைவராய் விளங்கினார். 1876-இல் கழகத்தின் இதழாகிய பேட்ரியட் வெளிவந்தது. அதே ஆண்டில் மொழியின் முதற் கூறுகளைக் கற்பிக்கும் சிறு இலக்கணமும் வெளிவந்தது. பேசுமாறே எழுதுக என்பது அவர்கள் கொள்கை.

பேசுமாறு எழுதுதல் என்றால் எவர் பேசுமாறு எழுதுதல் என்னும் வினா உடனே எழுகின்றது. கழகத்தார் நாட்டில் வழங்கிய மொழியை மூவகையாகப் பிரித்தனர்: செல்வர் வழக்கு, உழவர் வழக்கு, கோய்கோய் வழியினர் வழக்கு. இவற்றுள் வெள்ளை உழவரின் வழக்கையே இதழுக்கும் இலக்கணத்திற்கும் உரியதெனத் தேர்ந்தனர். பன்னெவிசு எவர்பொருட்டு முயற்சியைத் தொடங்கினாரோ அவர்தம் பேச்சு, எழுத்து மொழியின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பிற்கால அகராதிகளும் பாடநூல்களும் இத்தேர்வையே அடித்தளமாகக் கொண்டன.

இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகளை விரித்துரைத்தல் வேண்டா. 1902-இல் முடிந்த ஆங்கிலேய–போயர் போருக்குப் பின் மொழியுணர்ச்சி பெருகிற்று. 1909-இல் தென்னாப்பிரிக்கக் கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1914 முதல் பள்ளிகளில் ஆப்பிரிக்கான்சு இடம்பெறத் தொடங்கிற்று. 1917-இல் சொற்பட்டியலும் எழுத்து விதிகளும் அடங்கிய முதற் கையேடு வெளியாயிற்று. 1925-இல் அது ஆட்சிமொழி உரிமை பெற்றது. 1933-இல் விவிலியம் முழுதும் அம்மொழியில் வெளிவந்தது. பேரகராதிப் பணி 1926-இல் தொடங்கிற்று. முதல் இலக்கணம் வெளிவந்து ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரு பேச்சு வழக்கு ஆட்சிமொழியாக உயர்ந்தமை மொழி வரலாற்றில் அரியதொரு நிகழ்ச்சியாகும்.

5. கட்டாயமும் அதன் விளைவும்

கற்பிக்கும் கருவி அடக்குமுறையின் கருவியாகவும் ஆகக்கூடும் என்பதற்கு 1976-ஆம் ஆண்டு சான்று. 1974-இல் திரான்சுவால் பகுதியின் கறுப்பின மாணவர் பள்ளிகளில் கணிதமும் சமூகவியலும் ஆப்பிரிக்கான்சு வழியாகவே கற்பிக்கப்படவேண்டும் என ஆணை பிறந்தது. அம்மொழியில் பாடம் நடத்தும் தேர்ச்சி ஆசிரியர் பலர்க்கு இல்லை. மாணவர்க்கோ அது தம்மை ஆள்வோரின் மொழி. 1976 சூன் 16-ஆம் நாள் சொவேத்தோ நகரில் பல்லாயிரம் மாணவர் அணிவகுத்துச் சென்றனர். காவலர் சுட்டனர். எக்டர் பீட்டர்சன் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் மாண்டான். கிளர்ச்சி நாடெங்கும் பரவிற்று, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் பார்ல் நகரில் இம்மொழிக்கு மாபெரும் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டிருந்தது. கல்லில் எழுப்பிய புகழைக் கட்டாயம் ஓராண்டிற்குள் குலைத்தது.

1996-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் பதினொரு மொழிகளை ஆட்சிமொழிகளாக ஏற்றது; 2023-இல் சைகைமொழியும் சேர்ந்து பன்னிரண்டாயின. ஆப்பிரிக்கான்சு அவற்றுள் ஒன்றாயிற்று. பல்கலைக்கழகங்களில் அதன் இடம் சுருங்கி வந்துள்ளது. பயிற்றுமொழி பற்றிய வழக்குகள் அரசியல் சட்ட உயர்மன்றம் வரை சென்றன; 2019-இல் இசுடெல்லன்போசு பல்கலைக்கழகத்தின் புதிய கொள்கை ஏற்கப்பட்டது; 2021-இல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் அம்மொழியைப் பயிற்றுமொழி நிலையினின்று நீக்கியது செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. 2022-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்களுள் 10.6 விழுக்காட்டினர் வீட்டில் பேசுவது இம்மொழியே. அவருள் வெள்ளையரல்லாதாரே மிகுதி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

6. இன்றைய இணையக் கருவிகள்

இப்பின்னணியிலேயே இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளை மதிப்பிடல் வேண்டும். இலக்கணம் கற்போர்க்குத் தால்போர்த்தால் என்னும் இணையத்தளம் தலையாயது. டச்சு, பிரிசியம், ஆப்பிரிக்கான்சு ஆகிய மூன்றன் ஒலியியல், சொல்லியல், தொடரியல்களை மொழியியலார் அதில் விரிவாக எழுதியுள்ளனர். வீவா எனச் சுருங்க வழங்கும் ஆப்பிரிக்கான்சு மெய்ந்நிகர் நிறுவனம், மொழி ஐயங்களுக்கு விடையளிப்பதோடு, பெருந்தொகையான எழுத்துச் சான்றுகளில் ஒரு சொல் எங்கெங்கு எவ்வாறு ஆளப்பட்டுள்ளது எனத் தேடும் வசதியையும் தருகின்றது. பழைய நூல்களைக் காண விழைவோர் 1999-இல் நிறுவப்பெற்ற டச்சு இலக்கிய எண்ணிம நூலகத்தை நாடலாம். அதில் ஆப்பிரிக்கான்சு நூல்களும் உள. அதே ஆண்டில் தோன்றிய லிட்நெட் என்னும் இணைய இதழில் இக்கால இலக்கியமும் திறனாய்வும் காணலாம். 2001-இல் தொடங்கிய ஆப்பிரிக்கான்சு விக்கிப்பீடியாவில் பல துறைக் கட்டுரைகளும் எளிய உரைநடையில் அமைந்துள்ளன. ஆர். எசு. ஜி. என்னும் வானொலி நாள்தோறும் இணைய வழியிலும் ஒலிபரப்புகின்றது.

இவற்றைப் பயன்கொள்ளும் முறையும் கருதத்தக்கது. அகராதியை மட்டும் கொண்டு சொல்லுக்குச் சொல் பொருள் தேடிக் கற்பார் இம்மொழியின் இயல்பை உணரார். எடுத்துக்காட்டாக, எதிர்மறையை நோக்குவோம். 'நான் ஆப்பிரிக்கான்சு பேசுவதில்லை' என்பதை அவர்கள் 'எக் பிராட் நி ஆஃப்ரிக்கான்ஸ் நி' என்பர். 'நி' என்னும் எதிர்மறைச் சொல் இருமுறை வருகின்றது. இரண்டும் சேர்ந்து ஓர் எதிர்மறையே. இரண்டு எதிர்மறை உடன்பாடாம் என்னும் கணக்கு இங்குச் செல்லாது. இவ்வமைதி டச்சுக் கிளைமொழிகளின் வழியதா, கோய்கோய் மொழியின் செல்வாக்கா என்பது இன்றும் ஆராயப்படுகின்றது. இதனை உணர்தற்கு இலக்கணம் வேண்டும். பழகுதற்குச் செவிப்பயிற்சி வேண்டும்.

தமிழறிந்தார்க்குச் சில கூறுகள் எளிதில் வயப்படும். உரோமன் எழுத்தின் ஏழாம் எழுத்து இம்மொழியில் தொண்டையுரசொலியாக ஒலிக்கும். நம் மொழியில் 'பகல்' என்னுமிடத்து உயிரிடைப்பட்டு ககரம் நெகிழ்ந்து ஒலிப்பதினின்று தொடங்கி, அதனை மேலும் உரசி ஒலிக்கப் பழகலாம். விரைவு முதலிய பொருளில் ஒரு சொல்லை இரட்டித்து வழங்கும் அடுக்குமுறையும் அம்மொழியில் உண்டு. 'கௌ' என்பது விரைவு, 'கௌ-கௌ' என்பது மிக விரைவாக. உயர்திணைப் பெயர் செயப்படுபொருளாக வருங்கால் அதன்முன் 'ஃபிர்' என்னும் சொல்லைச் சேர்த்து வழங்குதல் பேச்சில் பெருவரவிற்று. அஃறிணைக்கு அது வேண்டா. தமிழில் உயர்திணைப் பெயர்க்கு ஐயுருபு விரிந்தே வருதலும் அஃறிணைக்குத் தொக்கும் வருதலும் இதனோடு ஒப்பிடத்தக்கன. அவ்வழக்குப் போர்த்துகீசியக் கலப்புமொழியினின்று வந்தது எனக் கருதுவோர் உளர். எனினும், ஒப்புமை ஒன்றே தொடர்பிற்குச் சான்றாகாது. சோழமண்டலத் துறைமுகங்களில் வழங்கிய கலப்புமொழியை ஆராய்ந்தன்றி முடிவு கூறல் தகாது.

சொற்களைப் பொறுத்தவரை தொடர்பு ஐயத்திற்கிடமின்றி உள்ளது. அம்மொழியில் ஒருவகைச் சிறு ஆரஞ்சுப் பழத்திற்கு 'நார்க்கி' என்பது பெயர். அகராதியாசிரியர் அதனைத் தமிழ் 'நாரத்தை' என்பதன் வழியதாகக் காட்டுவர். 'கெர்ரி' என்பது நம் 'கறி'. படுக்கையைக் குறிக்கும் 'காட்டெல்' என்பது நம் 'கட்டில்'. கீழ்நாட்டு வாணிகமொழிகளின் வழியே சென்றது. பழமும் உணவும் படுக்கையும் வீட்டில் ஏவல் செய்தோர் நாளும் கையாண்ட பொருள்கள். சோழமண்டலக் கரையினின்று சென்றோர்க்கும் கம்பெனிக் கப்பல்களில் வந்து போனோர்க்கும் இச்சொற்களின் பயணத்தில் பங்குண்டு என்று கொள்வது பொருந்தும். அவருள் பலருடைய இயற்பெயரும் இன்று நமக்குத் தெரியாது, சொற்கள் எஞ்சியுள்ளன.

7. கருவிகளின் குறை

விலையின்றிக் கிடைப்பது நடுநிலையானது என்று கருதிவிடல் ஆகாது. மேற்கூறிய தளங்களில் பெரும்பாலனவும் பெரிதும் 1876-இலும் 1917-இலும் தேர்ந்தெடுக்கப்பட்ட வழக்கையே ஆப்பிரிக்கான்சு எனக் கற்பிக்கின்றன. எழுத்துச் சான்றுகளின் தொகுதி எத்துணைப் பெரிதாயினும், அச்சேறிய வழக்கே அதில் மிகுதியாக இடம்பெறும். அச்சேறாது தடுக்கப்பட்ட வழக்கு, தேடினும் அதிகம் கிட்டாது. கிட்டாமையையே இல்லாமை எனக் கொண்டு ஆய்வுரை எழுதுவோர், நூறாண்டிற்கு முன் செய்யப்பட்ட விலக்கைத் தம்மையறியாமலே மீண்டும் செய்தவராவர்.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் தோன்றியுள்ளன. கேப்டவுன் பகுதிக் கலப்பின மக்களின் வழக்கு 'காப்ஸ்' எனப்படும். 2021-இல் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்து ஆய்வு மையமும் ஒரு சமூகத் தொண்டு அமைப்பும் இணைந்து காப்ஸ், ஆங்கிலம், ஆப்பிரிக்கான்சு என்னும் மூன்றற்கும் பொதுவான அகராதித் திட்டத்தைத் தொடங்கின. பள்ளியில் பிழையென அடிக்கோடிடப்பட்ட பேச்சு, அகராதியில் தலைச்சொல்லாக ஏறும் நிலை வருகின்றது. அரபு எழுத்துச் சுவடிகளும் இவ்வாறே எண்ணிம வடிவில் அனைவர்க்கும் எட்டுமாறு வெளிவருதல் வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, ஆப்பிரிக்கான்சு மொழியைக் கற்பித்த வரலாறு வெள்ளையரின் கழகத்தோடு தொடங்கியதன்று. அதற்கு முன்னரே கேப்டவுன் சமயப் பள்ளிகளில் அரபு எழுத்தில் அது பாடமொழியாயிற்று. இரண்டாவது, மொழியை எளியோர்க்கு எட்டச்செய்ய எழுந்த முயற்சி எளியோரின் வழக்கையே விலக்கி முடிந்தது. ஆட்சியாளர் அதனைக் கட்டாயமாக்கியபோது மொழியே பகையாயிற்று. மூன்றாவது, இன்று இணையத்தில் அம்மொழியைக் கற்பார் எவரும் கட்டாயத்தால் கற்பவர் அல்லர்; விரும்பிக் கற்பவர். ஒரு மொழி பழைய வடுவினின்று தேறுதற்கு இதனினும் நல்ல சூழ்நிலை வேறில்லை.

தமிழாராய்ச்சி மாணவர்க்கு இம்மொழி பயன்படுமோ என வினவலாம். டச்சுக் கம்பெனி ஆவணங்களையும், கீழ்நாட்டுக் கலப்புமொழிகளையும், சோழமண்டலத்தினின்று கடல் கடந்தோர் வரலாற்றையும் ஆராய விரும்புவார்க்கு அது பெரிதும் பயன்படும். கருவிகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன, செலவும் இல்லை. ஒன்று மட்டும் மறத்தலாகாது. ஒவ்வொரு கருவியையும் எடுக்குந்தோறும், இதில் எவர் பேச்சு உள்ளது, எவர் பேச்சு இல்லை எனக் கேட்டுக் கற்றல் வேண்டும். அங்ஙனம் கற்பவரே நாரத்தையும் கட்டிலும் கடல் கடந்த வழியைக் கண்டறிந்து கூற வல்லுநராவர்.